எக்ஸ்பயரி தேதியும் வெளிமூச்சும் ஒரே சொல்லா? ‘ஸ்பீராரே’ பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: சுவாசப்பிரிவு செல்வி

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் சுவாசப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கொடுப்போம். கொரோனா காலத்தில் பல வீடுகளில் அதைப் பார்த்திருப்பீர்கள். குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் மேலே எழும்பும். ஆனால் கையில் வாங்கியவுடன் பெரும்பாலானவர்கள் ஊதத் தொடங்கிவிடுவார்கள். “ஊதாதீர்கள் ஐயா, உறிஞ்சுங்கள்” என்று சொல்லிச் சொல்லியே தொண்டை வற்றிவிடும்.

பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்கு இதையொட்டி உள்மூச்சு இன்ஸ்பிரேஷன், வெளிமூச்சு எக்ஸ்பிரேஷன் என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, “மாத்திரை அட்டையில் இருக்கும் எக்ஸ்பயரியும் இதுவும் ஒன்றா? நோயாளி இறந்துபோனால் எக்ஸ்பயர் ஆகிவிட்டார் என்கிறோமே, அதுவும் இதுதானா?” என்று கேட்டாள். ஒன்றுதான் என்று சொன்னேன். ஏன் ஒன்று என்று விளக்க என்னிடம் சரக்கு இல்லை.

அகராதியைப் புரட்டினால் எல்லாம் ‘ஸ்பீராரே’ என்ற லத்தீன் வினையில் போய் முடிகிறது. பொருள்: மூச்சுவிடுதல். ஒரே வரி. எனக்கு அதில் திருப்தி வரவில்லை. இன்ஸ்பிரேஷன் என்றால் கவிஞனுக்கு வரும் உள்ளெழுச்சி, கான்ஸ்பிரசி என்றால் சதி, பெர்ஸ்பிரேஷன் என்றால் வியர்வை. மூச்சுக்கும் சதிக்கும் என்ன உறவு?

இன்னும் இரண்டு சந்தேகங்கள். எங்கள் பிரிவின் சுவரில் ‘தும் ஸ்பீரோ, ஸ்பேரோ’ என்ற வாசகத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். மூச்சு உள்ளவரை நம்பிக்கை உண்டு என்று பொருளாம். அந்த இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்றா? நம் ‘பிராணன்’ லத்தீனோடு உறவுள்ள சொல் என்று ஒருவர் சொன்னார். அது இந்த வினையைத்தானா?

பதில்: வெர்ஜில் அன்பன்

செல்வி அம்மாவுக்கு வணக்கம். குருமடத்தில் லத்தீன் கற்று, வெளியே வந்த பிறகும் அதை விடாமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நீங்கள் கேட்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்த வினை. நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

அந்த ஒற்றை வரியோடு நின்றுவிட்டால் இந்தச் சொல்லின் உயிர் கைக்கு எட்டாது. ரோமக் கவிஞர் வெர்ஜிலின் ‘ஈனியட்’ காவியத்தைத் திறந்து பாருங்கள். நுரையீரல் இல்லாத இடங்களில்தான் இந்த வினை அங்கே அழகாக வருகிறது. முதல் காண்டத்தில் வீனஸ் தேவி வேட்டுவப் பெண் வேடத்தில் வந்து தன் மகன் ஈனியாஸிடம் பேசிவிட்டுத் திரும்புகிறாள். கழுத்து ரோஜா நிறத்தில் ஒளிர்கிறது, ஆடை பாதம்வரை சரிகிறது, நடையைப் பார்த்தாலே தெய்வம் என்று தெரிகிறது. அப்போது அவள் கூந்தல் உச்சியிலிருந்து தெய்வ மணத்தை ‘ஸ்பீராவேரே’ என்கிறார் கவிஞர். கூந்தல் மணத்தை மூச்சாக விட்டது! ஐந்தாம் காண்டத்தில் நள்ளிரவு. தூக்க தேவன் தோழன் உருவில் வந்து, சுக்கான் பிடித்திருக்கும் பாலினூருஸிடம் ஆசைகாட்டுகிறான்: கடலே கப்பல்களைக் கொண்டுபோகிறது, காற்று சீராக வீசுகிறது, சற்றுக் கண்ணயரலாம். அந்த ‘வீசுகிறது’ என்ற இடத்திலும் இதே வினைதான், ‘ஸ்பீரந்த்’.

என்னை உலுக்கும் இடம் நான்காம் காண்டத்தில் இருக்கிறது. கார்த்தேஜ் அரசி தீதோ காதலில் தவிக்கிறாள். பலிபீடத்தில் விலங்குகளைக் கொடுத்து, அவற்றின் நெஞ்சைப் பிளந்து, வாய் பிளந்தபடி குனிந்து உள்ளுறுப்புகளில் குறி பார்க்கிறாள். அந்த உறுப்புகளுக்கு வெர்ஜில் கொடுக்கும் அடைமொழி ‘ஸ்பீரந்தியா’. விலங்கு செத்துவிட்டது, நெஞ்சு பிளந்து கிடக்கிறது, ஆனாலும் ஈரலும் இதயமும் இன்னும் துடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தத் துடிப்பைச் சொல்ல அவருக்கு மூச்சின் வினை தேவைப்பட்டது. ஆறாம் காண்டத்தில் அதே ‘ஸ்பீரந்தியா’ வெண்கலச் சிலைகளுக்கு வருகிறது. பாதாள உலகில் ஈனியாஸின் தந்தை அங்கீசஸ் சொல்கிறார்: மூச்சுவிடும் வெண்கலங்களை மற்றவர்கள் நம்மைவிட மென்மையாக வடிப்பார்கள், ரோமனே, உன் கலை நாடுகளை ஆள்வது. துடிக்கும் ஈரலுக்கும் உயிரற்ற வெண்கலத்துக்கும் ஒரே சொல். ஒரு பொருளிலிருந்து ஏதோ அசைந்து வெளியே வருகிறது, அதனால் அது உயிருள்ளது என்று நமக்குத் தோன்றுகிறது. ரோமர்களின் காதில் ‘ஸ்பீராரே’ இப்படித்தான் ஒலித்தது என்பது என் துணிபு. நுரையீரல் அதில் ஒரு பகுதி மட்டுமே.

இன்னொரு ரோமக் கவிஞர் ஹொரேஸ் ஒரு பாடலில் காதலைப் பாடிய கிரேக்கப் பெண் கவிஞர் சாப்போவை நினைக்கிறார். அவள் வாழ்ந்தது அவருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னால். ‘ஸ்பீராத் அதூக் அமோர்’ என்கிறார், அந்தக் காதல் இன்னும் மூச்சுவிடுகிறது. மூன்றே சொற்கள். இதைவிடச் சுருக்கமாக யார் சொல்லிவிட முடியும்?

இனி பிறப்பு. இந்த வினையின் வேரைப் பற்றி அறிஞர்களிடையே முடிந்த முடிவு இல்லை. ‘ஸ்பெயிஸ்’ என்பது போன்ற ஒரு பழைய வடிவத்தை ஊகிக்கிறார்கள். ஊதும்போது எழும் ஒலியை ஒட்டி உண்டான ஒலிக்குறிப்புச் சொல்லாக இருக்கலாம் என்பது பலர் கருத்து. பழைய ஸ்லாவிய மொழியில் குழல் ஊதுவதற்கும் சீழ்க்கை அடிப்பதற்கும் உள்ள ‘பிஸ்கதி’ என்ற சொல்லை இதற்கு உறவாகக் காட்டுவார்கள். ‘ஸ்’ எப்படி ‘ர்’ ஆனது என்று கேட்பீர்கள். பழைய லத்தீனில் இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவில் அகப்பட்ட ஸகரம் ரகரமாக மாறிவிட்டது. பூவுக்கு ‘ஃப்ளோஸ்’, பூவின் என்பதற்கு ‘ஃப்ளோரிஸ்’. பாபிஸியுஸ் என்று எழுதிவந்த குடும்பம் பாபிரியுஸ் என்று எழுதத் தொடங்கிய கதையை ரோமப் பேச்சாளர் சிசரோவே ஒரு கடிதத்தில் சொல்கிறார். அந்தப் பெயர் மாறியது கி.மு. 4ஆம் நூற்றாண்டில்.

பிராணன் விஷயத்தில் உங்கள் நண்பர் பாதி சரி. உறவு இருக்கிறது, ஆனால் அது வேறு சொல்லோடு. லத்தீனில் மூச்சுக்கும் உயிருக்கும் ‘அனிமா’ என்று ஒரு பெயர் உண்டு, மனத்துக்கு ‘அனிமுஸ்’. வடமொழியில் மூச்சுவிடுவதற்கு ‘அன்’ என்ற வேர். அனிமாவும் அதுவும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். பிராணன், அபானன், வியானன், உதானன், சமானன் என்று ஐந்து வாயுக்களைச் சொல்கிறோமே, ஐந்திலும் அந்த ‘அன்’ உட்கார்ந்திருக்கிறது. கிரேக்கத்தில் காற்றுக்கு ‘அனெமோஸ்’ என்பதும் இந்தக் குடும்பமே. ஸ்பீராரே அதில் சேராது. இணையத்தில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பரப்புகிறார்கள், மாணவிகளிடம் அதைப் பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

சுவரில் உள்ள வாசகத்துக்கு வருகிறேன். ‘ஸ்பேரோ’ என்றால் நம்புகிறேன். அது ‘ஸ்பேஸ்’ என்ற பெயர்ச்சொல்லின் வழி வந்தது, மூச்சோடு தொடர்பில்லை. ஓசை ஒத்துவருவதால் யாரோ அழகாகக் கோத்த தொடர் அது. அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்தின் முத்திரையிலும் இருக்கிறது. கருத்து மட்டும் மிகப் பழையது. கி.மு. 49இல், உள்நாட்டுப் போரின் நடுவில், சிசரோ தன் நண்பர் அத்திகுஸுக்கு எழுதிய கடிதத்தில், ‘நோயாளிக்கு அனிமா இருக்கும்வரை நம்பிக்கை உண்டு என்பார்கள்’ என்று எழுதுகிறார். அங்கே வருவது அனிமாதான் என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் மாணவியின் கேள்விக்குப் பதில் லூக்கா நற்செய்தியின் லத்தீன் மொழிபெயர்ப்பில் ஒரே வசனத்தில் கிடைக்கிறது, 23ஆம் அதிகாரம், 46ஆம் வசனம். ‘பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்’ என்று சொல்லி இயேசு ஜீவனை விட்டார். ஆவி என்ற இடத்தில் ‘ஸ்பீரித்தும்’, ஜீவனை விட்டார் என்ற இடத்தில் ‘எக்ஸ்பீராவித்’. வெளியே விட்ட மூச்சு திரும்ப உள்ளே வரவில்லை என்றால் அதுதான் மரணம். ஒப்பந்தமும் பதவிக்காலமும் முடிவதை அந்த மரணத்தை வைத்து உருவகமாகச் சொன்னார்கள். மாத்திரை அட்டைக்கு அங்கிருந்து ஓர் எட்டுதான். ஸ்பானிய மொழிக்காரர்கள் இரண்டையும் எழுத்திலேயே பிரித்துவிட்டார்கள்: மூச்சை வெளியே விட்டால் ‘எஸ்பிரார்’, இறந்தாலோ கெடு முடிந்தாலோ ‘எக்ஸ்பிரார்’. இத்தாலியர்களுக்கு முன்னொட்டே வேண்டியதில்லை. அவர்களுடைய ‘ஸ்பிராரே’ காற்று வீசுவதையும் குறிக்கும், உயிர் பிரிவதையும் குறிக்கும். நாள்தோறும் விடும் மூச்சுக்கு ‘ரெஸ்பிராரே’ என்பார்கள்.

சதிக்கு இப்போது வருகிறேன், எல்லாவற்றிலும் ருசியான கதை இது. ‘கொன்ஸ்பீராரே’ என்றால் சேர்ந்து ஊதுவது. ஈனியட்டின் ஏழாம் காண்டத்தில் போர் தொடங்கும்போது வெண்கலக் கொம்புகள் கரகரத்த குரலில் ‘கொன்ஸ்பீரந்த்’, ஒன்றாக முழங்குகின்றன. ஒரே மூச்சாக ஒலிப்பவர்கள் ஒரே மனத்தவர்கள், ஆகவே ஒற்றுமை என்ற பொருள் வந்தது. கி.மு. 63இல் கத்தலீனா ரோமைக் கவிழ்க்கத் திட்டம் போட்டபோது சிசரோ செனட் சபையில் முழங்கினார். அந்த நான்காவது உரையில் ‘நல்லோர் அனைவரின் கொன்ஸ்பீராத்தியோ’ என்று புகழ்ந்து பேசுகிறார். நாட்டைக் காக்க ஒன்றுபட்டவர்களுக்கு அந்தச் சொல்! கத்தலீனாவின் சதிக்கு ரோமர்கள் வைத்திருந்த பெயர் ‘கொன்யூராத்தியோ’, சேர்ந்து சத்தியம் செய்தல். ஆனால் அதே ஒற்றுமை தீய காரியத்துக்கும் உதவும் அல்லவா? ஜூலியஸ் சீசர் கொலையைப் பற்றி எழுதும் சுவெட்டோனியுஸ், அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அவருக்கு எதிராக ஒன்றுகூடினார்கள் என்று இதே வினையால் சொல்கிறார். நல்ல பொருள் மெல்ல மங்கிப்போய், கெட்ட பொருள் மட்டும் இன்றைய மொழிகளில் தங்கிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

மற்றவை சுருக்கமாக. ‘சுஸ்பீராரே’ என்றால் அடியிலிருந்து இழுத்து விடும் பெருமூச்சு, நம் பழைய இலக்கியத்தின் நெட்டுயிர்ப்பு. ‘ரெஸ்பீராரே’ என்றால் மூச்சுத் திரும்புதல், இக்கட்டு நீங்கி ஆசுவாசப்படுதல். ‘இன்ஸ்பீராரே’ என்றால் உள்ளே ஊதுதல். ஆதியாகமத்தில் கடவுள் மண்ணால் செய்த மனிதனின் முகத்தில் ஜீவசுவாசத்தை ஊதும் இடத்தில் லத்தீன் மொழிபெயர்ப்பாளர் வைத்த வினை அதுவே. கவிஞனுக்கு வரும் உள்ளெழுச்சியும் அப்படித்தான், தெய்வம் வெளியிலிருந்து ஊதியது. ஓவிட் தன் ‘மெட்டமார்ஃபஸிஸ்’ காவியத்தின் தொடக்கத்திலேயே, தெய்வங்களே, என் முயற்சியின்மேல் ‘அட்ஸ்பீராத்தே’, அதாவது காற்றாக வீசி அனுப்புங்கள் என்று வேண்டுகிறார். பாய்மரக் கப்பல் ஓட்டுகிறவன் கேட்கும் வரம்.

பதில்: மருந்துக்கடை மாணிக்கம்

ஐயாவின் பதிலைப் படித்துவிட்டு, கடையில் இருக்கும் சரக்குகளைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை சேர்க்கிறேன்.

ஆஸ்பிரின் மாத்திரையைப் பார்த்து இதுவும் மூச்சுக் குடும்பம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1899இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் வைத்த வணிகப் பெயர் அது. முதலில் உள்ள ‘ஆ’ அசிட்டைல் என்பதன் சுருக்கம். ‘ஸ்பிர்’ என்பது ஜெர்மன் மொழியில் சாலிசிலிக் அமிலத்துக்கு இருந்த ‘ஸ்பீர்ஸாய்ரே’ என்ற பழைய பெயரிலிருந்து வந்தது. அந்த அமிலத்தைக் கொடுத்த செடியின் இனப்பெயர் ஸ்பைரியா, அதன் அடி கிரேக்கத்தில் சுருளைக் குறிக்கும் ‘ஸ்பெய்ரா’. பச்சை நிறத்தில் விற்கிறோமே ஸ்பைருலினா, அதுவும் சுருள்தான். நுண்ணோக்கியில் பார்த்தால் சுருண்ட நூல்போல இருக்கும்.

ஆனால் ஊசி போடும் முன் பஞ்சில் தொட்டுத் துடைக்கும் ஸ்பிரிட் அசல் மூச்சுக் குடும்பம். திராட்சை மதுவைக் காய்ச்சி வடிக்கும்போது மேலே எழும் ஆவியைப் பிடித்துக் குளிரவைத்தவர்கள் அதை மதுவின் ‘ஸ்பீரித்துஸ்’ என்று அழைத்தார்கள். தமிழில் இட்லிப் பானையில் எழுவதும் ஆவி, உடலை விட்டுப் போவதும் ஆவி. நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. புட்டியைத் திறந்துவைத்தால் சற்று நேரத்தில் மட்டம் குறைந்திருக்கும், அந்தப் பெயர் பொருத்தமானதுதான் என்று தெரிந்துவிடும்.

பதில்: முத்துக்குளித்துறை

எங்கள் கடற்கரைப் பக்கத்தில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு முன்பே வந்துவிட்டது. 1530களில் போர்த்துகீசியர் காலத்தில் முத்துக்குளித்துறையில் கிறித்தவம் பரவியது. பரிசுத்த ஆவிக்குப் பழைய கத்தோலிக்கத் தமிழ் ஜெபங்களில் ‘இஸ்பிரீத்து சாந்து’ என்றுதான் இருக்கும். போர்த்துகீசிய ‘எஸ்பிரிட்டு சான்ட்டு’ நம் நாவுக்கு ஏற்ப வளைந்த வடிவம். என் ஆச்சி கடைசிவரை சிலுவை அடையாளம் போடும்போது அப்படித்தான் சொல்வார்கள். தூய ஆவி என்று மாற்றிச் சொல்ல அவர்களுக்கு மனம் வரவே இல்லை.

செல்வி: எல்லோருக்கும் நன்றி. மாணிக்கம் அண்ணன் சொன்ன ஆஸ்பிரின் செய்தியை வகுப்பில் சொன்னேன், எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். வெர்ஜில் அன்பன் ஐயா, மூன்று விஷயம் பாக்கி. ‘ஸ்பீரித்துஸ்’ என்றாலே லத்தீனில் பரிசுத்த ஆவி என்ற பொருள் முதலிலிருந்தே உண்டா? வியர்வைக்கு ஏன் இந்தப் பெயர்? எங்கள் மருத்துவர் சுவரில் இருப்பதை ‘டம் ஸ்பைரோ, ஸ்பீரோ’ என்று வாசிக்கிறார், அது சரியா?

பதில்: வெர்ஜில் அன்பன்

செல்வி அம்மா, முதலில் அது வெறும் காற்றும் மூச்சும்தான். பன்மையில் சொன்னால் செருக்கு என்ற பொருளும் உண்டு. ஜெர்மானிய மன்னன் அரியோவிஸ்துஸ் தாங்கமுடியாத அளவுக்கு ‘ஸ்பீரித்தூஸ்’ கொண்டிருந்தான் என்று சீசர் தன் கால்லியப் போர்க் குறிப்புகளில் எழுதுகிறார். தலைக்கனம் பிடித்தவன் மூக்கு விடைக்க மூச்சுவிடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். தெய்வத்தன்மை ஏறியது பிறகு. கி.பி. 65இல் இறந்த செனெகா, கிறித்தவத்தோடு தொடர்பில்லாத ஸ்தோயிக்கத் தத்துவவாதி, தன் 41ஆம் கடிதத்தில், நமக்குள் புனிதமான ஒரு ஸ்பீரித்துஸ் அமர்ந்து நம் நன்மை தீமைகளைக் கவனித்துக்கொண்டிருக்கிறது என்கிறார். கிறித்தவர்கள் காற்றையும் ஆவியையும் குறிக்கும் கிரேக்க ‘ப்நெவ்மா’ என்ற சொல்லுக்கு லத்தீன் தேடியபோது இந்தச் சொல் தயாராகக் காத்திருந்தது.

யோவான் நற்செய்தி 3ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தைப் பாருங்கள். லத்தீனில் ‘ஸ்பீரித்துஸ் ஊபி வுல்த் ஸ்பீராத்’. பெயரும் வினையும் ஒரே வேர், கிரேக்க மூலத்திலும் அப்படியே. ‘காற்றானது தனக்கு இஷ்டமான இடத்திலே வீசுகிறது’ என்று தமிழ் வேதாகமம் சொல்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் காற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. லத்தீன்காரருக்கு அந்த நெருக்கடியே இல்லை. காற்று, ஆவி இரண்டும் ஒரே சொல்லுக்குள் இருந்தன. நிக்கொதேமு இரவில் வந்து கேட்கும் அந்த உரையாடல் முழுவதும் இந்த இரட்டைப் பொருளில்தான் நடக்கிறது.

வியர்வைக்கு ‘பெர்’ என்ற முன்னொட்டு, ‘ஊடாக’ என்று பொருள். தோலின் ஊடாக மூச்சுவிடுதல். பாதுவா நகரில் பேராசிரியராக இருந்த சந்தோரியோ என்ற மருத்துவர் தராசில் தொங்கும் நாற்காலி ஒன்றைச் செய்து, அதில் உட்கார்ந்து உண்டு, தன் எடையையும் உண்ணும் உணவையும் கழிவையும் நிறுத்துக்கொண்டே இருந்தார். உள்ளே போனதைவிட வெளியே வந்தது குறைவு. மீதி எங்கே? கண்ணுக்குத் தெரியாமல் உடலின் ஊடாக ஆவியாகப் போகிறது என்றார். 1614இல் நூலாகவும் வெளியிட்டார். அன்று அந்தச் சொல் குறித்தது கண்ணுக்குத் தெரியாத ஆவியையும் சேர்த்துத்தான். நெற்றியில் வழியும் வியர்வைக்கு லத்தீனில் ‘சூதோர்’ என்று தனிச்சொல் இருக்கிறது. பின்னாளில் ஆங்கிலத்தில் அந்த நாகரிகமான சொல்லை வியர்வைக்கே வைத்துவிட்டார்கள்.

மருத்துவர் வாசிப்பது ஆங்கிலேயர்களின் பழைய பள்ளிக்கூட உச்சரிப்பு. ரோமிலும் சரி, தேவாலய லத்தீனிலும் சரி, ‘ஸ்பீரோ’ என்றால் மூச்சுவிடுகிறேன், ‘ஸ்பேரோ’ என்றால் நம்புகிறேன். அவர் சொல்லும்படி சொன்னால் நம்புகிறேன் என்ற சொல் மூச்சுவிடுகிறேன் என்று காதில் விழும், குழப்பம் வரும். மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது ‘தும் ஸ்பீரோ, ஸ்பேரோ’ என்றே சொல்லுங்கள். இரண்டிலும் முதல் அசை நெடில், ரகரத்தை நாக்கு அதிரச் சொல்ல வேண்டும்.